மோமோவும் செட்டிநாடு சிக்கனும்

'செட்டிநாடு' என்று போர்டு மாட்டாத ஊர் இன்றைக்கு எங்காவது இருக்கிறதா? சென்னையில் தெருவுக்கு ஒன்று. பெங்களூர், துபாய், சிங்கப்பூர், டொராண்டோ... தமிழன் போன இடமெல்லாம் அந்த போர்டும் போயிருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்தால் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரே சமாச்சாரம்தான். செக்கச்செவேல் என்று, எண்ணெய் மிதக்க, மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வரவழைக்கிற ஒரு சிக்கன் கிரேவி. சாப்பிட்டுவிட்டு "செட்டிநாடுன்னா செட்டிநாடுதான்பா" என்று சொல்லிக்கொண்டே ஐஸ்கிரீம் தேடுகிறவர்கள் ஏராளம்.

திபெத்துக்கும் இதே கதைதான். கல்லூரி வாசல், பஸ் ஸ்டாண்டு, மால் என்று எங்கே பார்த்தாலும் மோமோ வண்டி. ஆவியில் வெந்த மைதாக் கொழுக்கட்டை, பக்கத்தில் சிவப்புச் சட்னி, போதாததற்கு மயோனைஸ். தந்தூரி மோமோ, பன்னீர் மோமோ, சாக்லெட் மோமோ எல்லாம் வந்தாகிவிட்டது. 'செட்டிநாடு மோமோ' என்று யாராவது இந்நேரம் போர்டு எழுதக் கொடுத்திருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை :-)

சரி, திபெத்தியர்கள் தினமும் மோமோவா தின்கிறார்கள்? காரைக்குடி வீடுகளில் தினமும் சிக்கன் செட்டிநாடா கொதிக்கிறது? இரண்டுமே இல்லை. இரண்டு பெரிய சாப்பாட்டு மரபுகள் ஆளுக்கு ஒரு பிளேட்டாகச் சுருங்கி நிற்கின்றன. இது ஏன் நடந்தது, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது.

முதலில் திபெத். ஊட்டி திபெத்தியன் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் வாங்கியிருப்பீர்கள். விற்றவர்களின் தாத்தா பாட்டிகள் இருந்தது கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில். அங்கே நெல்லுக்கு வழியே இல்லை. பார்லி விளையும். அதைச் சுடுமணலில் போட்டு வறுத்து (நம்மூரில் பொரி வறுக்கிற அதே வேலை), சலித்து, மாவாகத் திரித்து வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் 'ட்சம்பா'. நம்முடைய சம்பா நெல்லுக்கும் இதற்கும் எந்தச் சொந்தமும் கிடையாது! கிண்ணத்தில் கொஞ்சம் மாவைப் போட்டு, தேநீர் விட்டு, விரலால் பிசைந்து உருட்டி வாயில் போட்டால் சாப்பாடு முடிந்தது. அடுப்பு மூட்ட வேண்டாம். மாதக்கணக்கில் நடக்கிற வியாபாரிக்கும் மேய்ப்பனுக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தத் தேநீரும் நம்ம டீ இல்லை. செங்கல் மாதிரி அழுத்திய தேயிலைக் கட்டியை உடைத்து நெடுநேரம் கொதிக்கவிட்டு, உப்பும் வெண்ணெயும் சேர்த்து, உயரமான மரக்குழாயில் ஊற்றிக் கடைவார்கள். வெண்ணெய், யாக் மாட்டினுடையது (குறளில் வரும் கவரிமா இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு). குடிக்கக் கிட்டத்தட்ட சூப் போல இருக்கும். விருந்தாளி ஒரு வாய் குடித்தால் உடனே கிண்ணத்தை நிரப்பிவிடுவார்கள், கிளம்பும்போதுதான் காலி செய்ய வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திபெத்தில் தேயிலை பெரிய அளவில் விளைந்ததில்லை. சீனாவின் சிச்சுவான், யுன்னான் பக்கத்திலிருந்து மலைப்பாதைகளில் வந்தது. குதிரை கொடுத்து தேயிலை வாங்கினார்கள். வெளியூர்ச் சரக்கோடு சொந்த வெண்ணெயைக் கலந்து தங்கள் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

1959-ல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார், பின்னால் பல்லாயிரம் பேர் வந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் மைசூர்ப் பக்கம் பைலகுப்பேயில் காடு திருத்திக் குடியேறியவர்கள் மக்காச்சோளம் பயிரிட்டார்கள். பார்லிக்கும் யாக்குக்கும் அந்த வெயிலில் எங்கே போவது? கடை போட்டுப் பிழைக்க வேண்டும் என்று வந்தபோது கைகொடுத்தது மோமோ. மைதா எங்கும் கிடைக்கும், உள்ளே எதை வைத்தாலும் ஒத்துக்கொள்ளும், ஒரு தட்டு வேக பத்து நிமிஷம். ஊரை இழந்து வந்தவர்களைப் பார்த்து "ஏன் ட்சம்பாவை விட்டீர்கள்?" என்று கேட்க யாருக்கும் வாய் வராது.

செட்டிநாட்டுக் கதை வேறு மாதிரி. அதை யாரும் துரத்தவில்லை.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் பரவிக் கிடக்கும் அந்த எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வறண்ட செம்மண் பூமி. கண்மாயை நம்பித்தான் வெள்ளாமை. அங்கிருந்து நகரத்தார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, மலாயா, பர்மா, சைகோன் என்று வட்டித் தொழிலுக்குப் போனார்கள். ஆண்கள் மட்டும் போவார்கள், மூன்று வருஷக் கணக்கு முடித்துவிட்டுத் திரும்புவார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் வரிசையாகப் பெட்டி போட்டு உட்கார்ந்து, அங்கேயே சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டு, அங்கேயே தூங்கினார்கள். திரும்பும்போது பர்மாத் தேக்கு வந்தது, மங்குச் சாமான் வந்தது, கூடவே ஒரு கறுப்பு அரிசியும் வந்தது.

அதுதான் கவுனி அரிசி. பர்மிய மொழியில் ஒட்டரிசிக்கு 'கௌக் ஞின்' என்று பெயர். வேகமாக நாலு தடவை சொல்லிப் பாருங்கள், கவுனி காதில் விழும். மலாய்க்காரர்கள் இதன் சொந்தக்காரனை 'புலுட் ஹித்தாம்' என்று தேங்காய்ப்பாலில் கஞ்சியாக்கிக் குடிக்கிறார்கள். காரைக்குடி ஆச்சிகள் இதை ராத்திரியே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரோடு குழைய வேகவைத்து, சர்க்கரையும் துருவிய தேங்காயும் நெய்யும் சேர்த்துக் கல்யாண இலையில் வைத்தார்கள். நாவல்பழத்துக்கு நிறம் தருகிற அதே சாயம்தான் இதிலும். இலையே ஊதாவாகிவிடும்.

இன்றைக்கு அதே அரிசி 'கருப்புக் கவுனி' என்ற பெயரில் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று பாக்கெட்டில் விற்கிறது. இவ்வளவு நாளும் அதைச் சர்க்கரை கொட்டித் தின்ற ஊர்க்காரர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்!

பெண்கள் வீட்டிலேயே இருந்ததால் அடுப்படி முழுக்க அவர்கள் ராஜ்ஜியம். இன்னொரு விஷயமும் முக்கியம். நகரத்தார் வழக்கத்தில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் 'வேறு வைத்து' விடுவார்கள். வீடு ஒன்றுதான், வளவும் முகப்பும் பொது. அடுப்பு மட்டும் தனித்தனி. வருஷத்துக்குத் தேவையான அரிசி பருப்பை அளந்து கொடுத்துவிட்டு, "இனி உங்கள் குடும்பத்தை நீங்கள் நடத்துங்கள்" என்று விட்டுவிடுவார்கள். ஒரே கூரைக்கடியில் நாலைந்து அடுப்பு எரிந்தால் என்ன ஆகும்? மாமியார் குழம்பு ஒரு மாதிரி, மூத்த மருமகள் குழம்பு ஒரு மாதிரி, இளையவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கைப்பக்குவம் இன்னொரு மாதிரி. 'ஒரிஜினல் செட்டிநாடு மசாலா' என்று பாக்கெட்டில் ஒன்றை விற்கிறார்களே, அந்த ஒரிஜினல் எந்த அடுப்பினுடையது என்று கேட்டால் பதில் கிடையாது.

அந்த அடுப்புகளில் வெந்தது என்ன என்று கொஞ்சம் பார்த்தால், காரம் எவ்வளவு சின்ன மூலை என்று புரியும். தண்ணிக் குழம்பு என்று ஒன்று உண்டு. பெயரே சொல்லிவிடுகிறது, இலகுவான குழம்பு. மண்டி என்று ஒன்று. அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, வெண்டைக்காயோ மொச்சையோ போட்டுக் கொதிக்க வைப்பது. தண்ணீருக்கே கஷ்டப்பட்ட ஊர், அரிசி கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்கவில்லை. இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் கத்தரிக்காய்க் கோசமல்லி. வெயில் தாராளமாக இருந்ததால் மாங்காய், கொத்தவரை, கத்தரி எல்லாம் வத்தலாகிப் பானையில் ஏறிவிடும், ஆட்டுக்கறி உப்புக்கண்டமாகிவிடும். கறி உண்டு, நண்டு ரசம் உண்டு, உப்புக்கறி உண்டு, யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சிவன் கோயிலையும் விரத நாளையும் விடாதவர்கள். காலண்டரில் பாதி, கறி கிட்டே வராத நாட்கள்.

உண்மையில் அந்த ஊரின் பெருமை பலகாரத்தில் இருக்கிறது. கந்தரப்பம், சீயம், உக்காரை, தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, பால் பணியாரம், ரங்கூன் புட்டு... (ரங்கூனில் விட்ட சொத்தெல்லாம் போய்விட்டது, ரவைப் புட்டில் மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) சாயங்காலம் இலை போட்டுச் சாப்பிடுவதற்கு 'இடைப்பலகாரம்' என்றே தனிப் பெயர் வைத்திருந்தார்கள்.

வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு உழக்கு பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தை நிற்கிற மட்டும் கோபுரமாகக் குவித்தால் அதுதான் அளவு. தராசு வேண்டாம், கப் வேண்டாம். ஊறவைத்து வெண்ணெய் மாதிரி அரைத்து, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்ற வேண்டும். ஒன்றே ஒன்றுதான். அது உப்பி எழுந்ததும் ஒரு திருப்பு, சிவப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். அடுத்தது. மறுபடி அடுத்தது. மிளகாய்த் துவையலோடு சூடாகத் தின்றால்தான் ருசி, ஆறினால் தொய்ந்துவிடும். நாற்பது டேபிள் ஓட்டலில் இதை யார் நின்று ஊற்றிக்கொண்டிருப்பார்கள்?

ஆடி மாதத்துக் கும்மாயத்துக்கு உளுந்து, பாசிப்பருப்பு, அரிசியை வறுத்துத் திரித்த மாவில் கருப்பட்டிப் பாகை விட்டு, நெய் ஊற்றிக் கிளற வேண்டும். வறுத்த மாவு, பக்கத்தில் கிடைக்கிற கொழுப்பு, அதிக வேலையில்லாமல் வயிறு தாங்குகிற சாப்பாடு. ட்சம்பாவின் தூரத்து உறவு என்றே சொல்லலாம். கும்மாயம் என்ற சொல் மணிமேகலையிலேயே பயறு வைத்துச் செய்த உணவாக வருகிறது. அவ்வளவு பழைய சொல் இன்று எந்த மெனு கார்டில் இருக்கிறது?

குடிக்கிற விஷயம் இதைவிடப் பரிதாபம். நீராகாரம், பானகம், நீர்மோர், சீசனில் பதநீர். இவை அந்த வெயிலுக்கென்றே வந்தவை. திபெத்தியர் உப்புத் தேநீர் குடித்தது குளிருக்கு, இங்கே உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும் வெக்கைக்கு. ஆனால் உணவகத்தில் சிக்கனோடு வருவது கோலா.

நாளோடு கட்டிய சாப்பாடுகளும் இருக்கின்றன. கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. 21 நூலிழை சேர்த்துத் திரித்த திரியை, வெல்லம் சேர்த்த மாவில் பிடித்த பிள்ளையாரில் வைத்து ஏற்றி, எரியும் சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். இதற்கு 'இழை எடுத்துக்கொள்வது' என்று பெயர். திபெத்தில் வருஷக் கடைசி மாதம் 29-ஆம் நாள் 'குதுக்' என்று ஒன்பது சாமான் போட்ட சூப் காய்ச்சுவார்கள். அதில் கிடக்கும் மாவுருண்டைக்குள் மிளகாய், உப்பு, கரித்துண்டு, கம்பளி என்று எதையாவது ஒளித்து வைப்பார்கள். கரி வந்தவனுக்கு மனசு கறுப்பு, மிளகாய் வந்தவன் வாயாடி என்று கேலி நடக்கும். இழையையும் குதுக்கையும் எந்தக் கடையும் விற்க முடியாது. விற்கவும் வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். "சாப்பாடு என்றால் மாறத்தானே செய்யும்? இதற்குப் போய் இவ்வளவு புலம்பலா?" நியாயமான கேள்வி. ஆனால் மாற்றம் இங்கே பிரச்சினையே இல்லை. கவுனி பர்மாவிலிருந்து வந்தது. அன்னாசிப்பூ கீழ்த்திசைச் சரக்கு. இவ்வளவு பேசுகிற மிளகாயே போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு இந்தியாவுக்கு வந்ததுதான். மலாயாவுக்குப் போய்வந்த ஆள் கொண்டுவந்ததை எல்லாம் சந்தேகப்படாமல் உலையில் போட்டுப் பார்த்த ஊர் அது. அப்போது நடந்த மாற்றத்தில் சமையல் பெருகியது, ஒரு அடுப்பு நாலு அடுப்பாயிற்று. இப்போது நடப்பதில் நூறு பண்டம் போய் ஒரு கிரேவி மிஞ்சுகிறது. இரண்டையும் 'மாற்றம்' என்று ஒரே பெயர் சொல்லிக் கூப்பிடுவது சரியில்லை.

ஓட்டல்காரர்கள்தான் வில்லன் என்று சொல்லவும் முடியாது. ஓட்டலுக்கு வேண்டியது பத்து நிமிஷத்தில் தட்டில் ஏறுவது, காலையில் செய்து வைத்த ஒரே மசாலாவில் சிக்கனும் மட்டனும் காளானும் வேலை முடிவது. பட்டை, கிராம்பு, கல்பாசி, மராட்டி மொக்கு வாசனையும் மிளகாய்க் காரமும் அதற்குத் தோதாக அமைந்தன. மண்டியை மெனுவில் போட்டால் என்னவென்று விளக்குவது? அரிசி களைந்த தண்ணீருக்கு ஓட்டலில் பஞ்சமில்லை, அதற்கு இருநூறு ரூபாய் கேட்டால் கஸ்டமர் அடிக்க வருவார்!

நிஜமான நஷ்டம் கைகளுக்கு. 1942-ல் ஜப்பான் பர்மாவுக்குள் வந்ததும் அங்கிருந்த செட்டியார்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். சுதந்திர பர்மா நிலங்களையும் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் நகர, பெரிய வீடுகள் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கிறவை ஆகிவிட்டன. அடுப்பு அணைந்த வீட்டுப் பக்குவம் எங்கே போயிற்று? காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர்ப் பக்கம் ஆர்டருக்குப் பலகாரம் போடுகிற கொட்டகைகளுக்குப் போயிற்று. அங்கே மணிக்கணக்கில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று தேன்குழல் பிழிகிற பெண்கள் பெரும்பாலும் ஆச்சிகள் இல்லை, பக்கத்து ஊர்களிலிருந்து கூலிக்கு வருகிறவர்கள். கல்யாண வீடுகளில் பந்திக்குப் பந்தி சமைத்த சமையல்காரர்களும் அப்படித்தான். பெயர் நகரத்தாருக்கு, லாபம் போர்டு மாட்டியவருக்கு, சீயத்தின் மேல்மாவு எந்தப் பதத்தில் வழுக்கும் என்ற ஞானம் மட்டும் தினக்கூலி வாங்குகிற ஒரு அம்மாவின் விரலில். மோமோ வண்டியிலும் அதே கணக்கு. போர்டில் திபெத், மாவு மடிக்கிறவர் நேபாளத்திலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ வந்த பையன்.

அந்த அம்மாவின் மகள் காலேஜுக்குப் போகிறாள், போகவும் வேண்டும். அடுப்பு வெக்கையில் நிற்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த வேலைக்குக் கௌரவமான சம்பளம் இருந்தால் யாராவது ஒருவர் விரும்பிக் கற்றுக்கொள்வார். பீட்சாவுக்கு ஐநூறு ரூபாயைக் கேள்வி கேட்காமல் கொடுப்பவர்கள், கையால் பிழிந்த சீப்புச் சீடை கிலோ என்ன விலை என்று கேட்டதும் "இவ்வளவா?" என்று புருவத்தைத் தூக்குகிறார்கள். எழுதி வைக்கும் வேலையும் அரைகுறைதான். காரைக்குடி 'பங்களா' ஓட்டலின் மீனாட்சி மெய்யப்பனும் சுமீத் நாயரும் சேர்ந்து 2014-ல் செட்டிநாட்டுச் சமையலுக்கு அழகான புத்தகம் ஒன்று கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். ஆனால் அது ஆங்கிலப் புத்தகம், அந்தச் சமையலைச் செய்கிறவர்கள் பலர் படிக்க முடியாது. தமிழில், அந்தப் பெண்கள் பெயரைப் போட்டு, "இந்த அளவு இன்னார் சொன்னது" என்று ஒரு புத்தகம் வரட்டுமே. அழகப்பா பல்கலைக்கழகம் அதே ஊரில்தான் இருக்கிறது. ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது.

காரைக்குடிப் பக்கம் போனால் ஒரு காரியம் செய்து பாருங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஏதாவது கடையில் வெள்ளைப் பணியாரம் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள், "யார் வீட்டில் போடுவார்கள்?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். யாராவது ஒரு சந்தைக் கை காட்டுவார்கள். கவுனி அரிசியும் வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும், அது ராத்திரி முழுக்க ஊற வேண்டும்.